பக்கத்து வீட்டு டெலிபோன் கம்பியும் என் 40 மீட்டர் பேண்டும்: ஒரு குறுக்கீட்டு வழக்கின் முழு விவரம்

2012 அக்டோபரில் ஆரம்பித்து, மறு வருடம் பொங்கல் கழிந்து சில வாரம் வரை இழுத்த ஒரு ரேடியோ குறுக்கீட்டுத் தொல்லையைப் பற்றியது இது. இடம், திருச்சி உறையூரில் ஒரு குறுகலான தெரு. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. தெருமுனைக் கம்பத்தில் டெலிபோன் இணைப்புகள் பிரியும் டிபி பெட்டி. அங்கிருந்து வீட்டுக்கு வீடு டிராப் வயர். அதில் பக்கத்து வீட்டுக்குப் போகும் வயர், என் மொட்டைமாடிச் சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, என் ஆன்டெனாவின் ஒரு காலுக்கு ஏறக்குறைய இணையாகப் போயிற்று. பாதி நோய் அங்கேதான் இருந்தது. அது புரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

என் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நிலையத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. அனுப்பவும் வாங்கவும் செய்யும் 100 வாட் டிரான்சீவர் ஒன்று. 40 மீட்டர் (7 மெகா ஹெர்ட்ஸ்) பேண்டுக்கு, நடுப்பகுதி 9 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு கவிழ்த்த வி ஆன்டெனா. கீழே வரை ஆர்ஜி-58 கேபிள். கேபிளின் வெளியுறையில் அலை ஓடாமல் தடுக்கும் பாலன் கிடையாது, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். 160 மீட்டரில் (1.8 மெகா ஹெர்ட்ஸ்) கேட்பதற்காக மாடியைச் சுற்றி ஒரு நீளக் கம்பி.

தொல்லை மூன்று வடிவத்தில் வந்தது. முதலாவது, 7 மெகா ஹெர்ட்ஸில் ஒரு கரகரப்பு. ஹாம்கள் கூடிப் பேசும் காலை நேர நெட்டில், பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டர் வழக்கமாக எஸ்-3 காட்டும். அது எஸ்-8க்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. டயலைத் திருப்பினால் ஏறத்தாழ 65 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஒருமுறை மேடு தட்டி, நடுவில் கொஞ்சம் இறங்கி, மறுபடி மேடு தட்டியது. மேடுகள் நிலையாக நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டும் இருந்தன. இரண்டாவது, 1.8 மெகா ஹெர்ட்ஸில் மேடு பள்ளமே இல்லாத, மழை பெய்கிற மாதிரி ஒரு சீரான இரைச்சல், எஸ்-6 அளவில். மூன்றாவது என்னைப் பற்றிய புகார். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் காலையில் வாசலுக்கே வந்துவிட்டார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதுக்கு அப்பா என்று கூப்பிடலாம். தெருவே அண்ணன் என்பதால் நானும் அண்ணே என்பேன்.

“தம்பி, நீங்க மைக்கில பேசுனா எங்க வீட்டு போன்ல யாரோ மூக்கடைச்சவன் பேசுற மாதிரி கேக்குது. உங்க அண்ணி, பொண்ணுகிட்ட பேசவே முடியலங்குறா. நெட்டும் கட்டாவுது.”

எஸ்-மீட்டரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எஸ்-9 என்பது 50 ஓம் உள்ளீட்டில் 50 மைக்ரோவோல்ட். அதற்குக் கீழே ஒவ்வொரு படியும் 6 டெசிபல். எஸ்-3லிருந்து எஸ்-8 என்றால் 30 டெசிபல், அதாவது சக்தியில் ஆயிரம் மடங்கு. பெங்களூரிலிருந்து 20 வாட்டில் பேசும் நண்பர் அதற்குள் காணாமல் போய்விடுவார். போனார்.

முறுக்கிய இரண்டு கம்பி

டெலிபோன் கம்பி ஆன்டெனா ஆகாமல் இருப்பதற்காகவே அப்படி அமைக்கப்பட்டது. ஆரம்ப காலத் தொலைபேசி ஒரே கம்பியில், பூமியைத் திரும்பும் பாதையாக வைத்து ஓடியது. பக்கத்தில் தந்திக் கம்பி போனால் அதன் கடகடப்பு காதில் விழும். கிரஹாம் பெல் 1881ல் முறுக்கிய இரட்டைக் கம்பிக்குக் காப்புரிமை வாங்கியது இதைத் தீர்க்கத்தான். ஒரு கம்பியில் போகும் மின்னோட்டமும் மற்றதில் திரும்பும் மின்னோட்டமும் சமம், திசை எதிர். வெளியே உண்டாகும் புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலும் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறுவதால், கருவியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கும்போது அது கழிந்துவிடுகிறது.

ஆனால் இந்தச் சமநிலை சரியாக இருக்கும்வரைதான் இதெல்லாம். ஒரு கம்பியில் துரு, ஒரு காலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் கூடுதல் வயர், ஈரம் இறங்கிய ஜாயிண்ட் என்று எது வந்தாலும் இரண்டு காலும் சமமாக இல்லை. மிச்சம் விழும் மின்னோட்டம் இரண்டு கம்பியிலும் ஒரே திசையில் ஓடும். ஹாம்கள் இதைத்தான் காமன் மோட் என்கிறோம். அப்போது வீட்டிலிருந்து கம்பம் வரை போகும் 30 மீட்டர் வயர் முழுவதும் ஒற்றைக் கம்பி ஆன்டெனாதான். அனுப்பவும் செய்யும், வாங்கவும் செய்யும். மூன்று புகாருக்கும் நடுவே ஓடிய சரடு இது. என் காதில் விழுந்ததும் அந்த வயர் வழியாகத்தான், அவர் காதில் விழுந்ததும் அந்த வயர் வழியாகத்தான்.

பழைய நாளில் இந்த வயரில் குரல் மட்டும்தான் ஓடியது, 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. மணி அடிக்க சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம். (ஸ்க்ரூ டிரைவரோடு கை வயரில் இருக்கும்போது அழைப்பு வந்தால் அந்த 75 வோல்ட்டின் ருசி தெரியும். எனக்குத் தெரியும்.) பிராட்பேண்ட் வந்தபின் அதே வயரில் ஏடிஎஸ்எல்2+ என்ற இன்டர்நெட் முறையும் ஓடியது. 4.3125 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் 512 டோன்கள் (தனித்தனிச் சிறு அலைகள்), உச்சி 2.208 மெகா ஹெர்ட்ஸ். நமக்கு இந்தியாவில் 160 மீட்டரில் அப்போது கொடுத்திருந்தது 1820 முதல் 1860 கிலோ ஹெர்ட்ஸ். வகுத்துப் பார்த்தால் 422ம் டோனிலிருந்து 431 வரை, பத்தே டோன். அந்தப் பத்தும் சரியாக நம் பேண்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் 7 மெகா ஹெர்ட்ஸ் அந்த எல்லைக்கு எங்கோ மேலே இருக்கிறது. ஏடிஎஸ்எல் அங்கே வர வழியே இல்லை. இந்த ஒரு கணக்கை முதல் நாளே போட்டிருந்தால், இரண்டு இரைச்சலும் வேறு வேறு என்று அன்றைக்கே பிடிபட்டிருக்கும். நான் போடவில்லை. இரண்டும் ஒரே கம்பியிலிருந்து வந்ததால் இரண்டும் ஒன்றே என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் என் வீடு

குறுக்கீட்டைத் தேடுபவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது தன் வீட்டைத்தான். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன். என் செல்போன் சார்ஜர் ஒன்று கொஞ்சம் கரகரத்தது. அதைக் குப்பையில் போட்டேன். எஸ்-8 அசையவில்லை. சரி, வெளியேதான்.

அந்த வருடக் கடைசியில் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றி நினைவுபடுத்த வேண்டாம். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. குறுக்கீடு தேடுகிறவனுக்கு அது ஒரு வரம். கரண்ட் போனதும் தெருவே அடங்கி, பேண்ட் கிராமத்து இரவு மாதிரி ஆகிவிடும். ஆகவில்லை. குழல் விளக்கு, கிரைண்டர், டிவி இரைச்சல் எல்லாம் போனபின்னும் அந்த 65 கிலோ ஹெர்ட்ஸ் மேடு அப்படியே இருந்தது, 1.8ல் மழையும் ஓயவில்லை. கரண்ட் இல்லாமலும் ஓடுகிறது என்றால் எக்சேஞ்சிலிருந்துதான் வருகிறது என்று முடிவுகட்டினேன். இது முதல் தவறு.

இரண்டாவது தவறு கையில் ரேடியோவோடு நடந்தது. ஷார்ட்வேவ் உள்ள சின்ன டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு டிராப் வயருக்கு அடியில் நடந்தேன். வயருக்குக் கீழே இரைச்சல், விலகினால் இல்லை. அண்ணன் வீட்டு வாசலில் பலம், பத்து மீட்டர் தள்ளி இளைத்தது, டிபி கம்பத்தடியில் மறுபடி உச்சம். குற்றவாளி கம்பத்தில் என்று எழுதிக்கொண்டேன். ஒரு கம்பியில் ரேடியோ அலை ஓடும்போது அதன் அளவு நெடுக ஒரே மாதிரி இருக்காது. 7 மெகா ஹெர்ட்ஸில் சுமார் 20 மீட்டருக்கு ஒருமுறை உச்சம் வந்து போகும். உச்சம் இருக்கிற இடம் மூலம் இருக்கிற இடம் ஆகாது. ஹாம் உரிமப் பரீட்சைக்கு இதைப் படித்துத்தான் பாஸ் பண்ணினேன். தெருவில் நடக்கும்போது மறந்துவிட்டது.

தொலைபேசி அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து லைன்மேன் வந்தார். ஏணி போட்டு, டிபியில் டெஸ்ட் போனை மாட்டிக் கேட்டார்.

“டோன் கண்ணாடி மாதிரி இருக்கு சார். லைன்ல ஒண்ணுமில்ல.”

அவர் சொன்னது பொய்யில்லை. குரல் ஓடும் பகுதி கண்ணாடிதான். 1.8 மெகா ஹெர்ட்ஸில் சமநிலை எப்படி இருக்கிறது என்பதை அந்த டெஸ்ட் போன் சொல்லாது, சொல்ல அது செய்யப்படவும் இல்லை. நானும் அவரும் வேறு வேறு கம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், கம்பி ஒன்றாக இருந்தாலும்.

இன்வர்ட்டர் படுத்த நாள்

துப்பு தானாக வந்தது. டிசம்பரில் ஒரு காலை, கரண்ட் போய் நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். கேட்டுக்கொண்டிருந்தபோதே 7 மெகா ஹெர்ட்ஸ் கரகரப்பு சட்டென்று நின்றது. 1.84க்குத் திருப்பினேன், மழையும் ஓய்ந்திருந்தது. கரண்ட் வரவில்லை, தெருவில் எதுவும் மாறவில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் அண்ணன் வாசலில் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார்.

“என்னண்ணே, வெளிய?”

“இன்வர்ட்டர் படுத்துடுச்சு தம்பி. சார்ஜ் ஏற எங்க விடுறான்?”

அவர் வீட்டு மோடம் இன்வர்ட்டர் லைனில் இருந்தது. வளைகுடாவில் இருக்கும் மகன் கூப்பிடுகிற நேரத்தில் நெட் இருக்க வேண்டும் என்று அப்படி மாட்டியிருந்தார். எக்சேஞ்ச் என்று நான் நினைத்தது, சுவருக்கு அந்தப்பக்கம் நாலு மீட்டரில் இருந்தது.

அன்று மாலை அவர் வீட்டில் போய் உட்கார்ந்தேன். என் வீட்டில் மகன் டிரான்சீவரின் மீட்டரைப் பார்த்து செல்போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். செய்த சோதனை எளிது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. எல்லாம் மாட்டிய நிலையில் 7 மெகா ஹெர்ட்ஸில் எஸ்-8, 1.84ல் எஸ்-6. மோடத்திலிருந்து டெலிபோன் கார்டை (லைனோடு இணைக்கும் வயர்) மட்டும் பிடுங்கினால் 7ல் எஸ்-5, 1.84ல் எஸ்-2. அடாப்டரையும் பிடுங்கினால் 7ல் எஸ்-3, 1.84ல் அதே எஸ்-2. இவ்வளவில் நிறுத்தியிருந்தால் மோடம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தோன்றும். நாலாவது சோதனைதான் முக்கியம். மோடத்தின் அடாப்டரை ஒதுக்கிவிட்டு, என் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் அதே மோடத்தை ஓட்டினேன். லைனோடு பேசி, விளக்கு பச்சை ஆனது. 7 மெகா ஹெர்ட்ஸ்: எஸ்-3. 1.84: எஸ்-6.

வழக்கு அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிட்டது. 40 மீட்டரின் கரகரப்பு அடாப்டருடையது. டெலிபோன் கம்பி அதற்கு ஆன்டெனா மட்டும். 160 மீட்டரின் மழை ஏடிஎஸ்எல்லின் சொந்தக் குரல். சமநிலை கெட்ட கம்பியிலிருந்து ஒழுகுகிறது.

அடாப்டர்

அந்த அடாப்டரைக் கையில் எடுத்தாலே தெரிந்தது, எடையே இல்லை. உள்ளே சில பத்து கிலோ ஹெர்ட்ஸில் வெட்டி வெட்டி மின்சாரத்தை மாற்றும் ஸ்விட்சிங் சர்க்யூட். அதன் வேகம் 65 கிலோ ஹெர்ட்ஸ் சுமாருக்கு இருந்ததால்தான் என் டயலில் 65க்கு ஒரு மேடு. சூடாகச் சூடாக வேகம் மாறியதால் மேடு நகர்ந்தது. நல்ல அடாப்டரில் இந்த வெட்டலின் குப்பை வெளியே போகாமல் இருக்க உள்ளீட்டில் ஒரு காயிலும் இரண்டு கெப்பாசிட்டரும் இருக்கும். விலையைக் குறைக்க முதலில் பிடுங்கப்படுவது அவைதான். பிறகு குப்பைக்கு ஒரே வழி: டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளின் இடுக்கு வழியாக டிசி வயருக்கு வந்து, மோடத்துக்குள் புகுந்து, டெலிபோன் கார்டில் இறங்கி, டிராப் வயரில் 30 மீட்டர் நீட்டிப் படுத்துக்கொள்வது. கார்டைப் பிடுங்கியதும் எஸ்-8 எஸ்-5 ஆனது இதனால்தான். மூலம் அப்படியே இருந்தது, ஆன்டெனா போய்விட்டது.

முதலில் டிசி வயரில் பிளாஸ்டிக் உறை போட்ட, இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருளான கிளிப் ஃபெரைட் ஒன்றை மாட்டினேன். ஒரே ஒரு எஸ் படிதான் இறங்கியது. இந்தக் கிளிப்புகளைப் பற்றிப் புதிய ஹாம்களுக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. கம்பி ஒருமுறை மட்டும் உள்ளே போகும் கிளிப், 7 மெகா ஹெர்ட்ஸில் சில பத்து ஓம் தடைதான் கொடுக்கும். அது செய்யப்பட்டது இதைவிட மிக உயர்ந்த அலைவரிசைகளுக்கு. பெரிய வளையமாக எடுத்து அதே வயரைப் பல சுற்றுச் சுற்றினால் தடை சுற்று எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும். 12 சுற்று என்றால் ஏறக்குறைய 144 மடங்கு.

வயரில் வடிகட்டுவதைவிடப் பிறப்பிடத்தை மாற்றிவிடலாம் என்று பழைய முறைக்குப் போனேன். 15 வோல்ட் 1 ஆம்பியர் இரும்புக்கோர் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், ஒரு பெரிய கெப்பாசிட்டர், 7812 ரெகுலேட்டர். ஒழுங்குபடுத்துமுன் 19 வோல்ட் சுமாருக்கு வரும். மோடம் 0.6 ஆம்பியர் இழுத்தால் ரெகுலேட்டரில் நாலு வாட்டுக்கு மேல் சூடு, அதனால் கையகல அலுமினியத் தகடு. எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் அடைத்தேன். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டுத் தந்தது அண்ணன். ஓட்டைகளின் இடைவெளி பணிமனைக் கணக்கில் துல்லியமாக இருந்தது. 7 மெகா ஹெர்ட்ஸ் எஸ்-3க்கு வந்து அங்கேயே நின்றது. முதல் புகார் முடிந்தது.

திருச்சி வானொலி காட்டிக்கொடுத்த இடம்

160 மீட்டரின் மழைதான் உண்மையில் கடினமானது. ஏடிஎஸ்எல்லை நிறுத்த முடியாது, அடாப்டர் மாதிரி மாற்றவும் முடியாது. அந்தத் தரமே 1.81 முதல் 2 மெகா ஹெர்ட்ஸ் வரை அமெச்சூர் பேண்டுக்காகச் சக்தியைக் குறைக்க இடம் தருகிறது. ஆனால் அந்தப் பொத்தான் நிறுவனத்தின் பக்கம். பத்து டோனை மட்டும் மூடச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தேன். பதில் வரவில்லை. அப்படியானால் ஒழுகலை அடைப்பதுதான் வழி, அதற்குச் சமநிலை எங்கே கெட்டது என்று தெரிய வேண்டும்.

விலை உயர்ந்த கருவி எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் மோடமே ஒரு அளவுக் கருவி. கணினியிலிருந்து டெல்நெட் கட்டளையில் உள்ளே போனால் ஒவ்வொரு டோனுக்கும் எஸ்என்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு பலம் என்ற அளவு) பட்டியல் கொடுக்கும் மோடம் அது. எண்களை எடுத்து வரைபடமாகப் போட்டேன். எக்சேஞ்ச் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்ததால் கோடு மெதுவாகச் சரிந்துகொண்டே போனது. நடுவில், 217ம் டோனைச் சுற்றி ஒரு குழி. 217ஐ 4.3125 ஆல் பெருக்கினேன். 936 கிலோ ஹெர்ட்ஸ் சுமார். திருச்சி வானொலி!

வானொலி நிலையத்தின் அலையை அண்ணன் வீட்டு டெலிபோன் கம்பி பிடித்து மோடத்துக்குள் கொண்டுவருகிறது. சமநிலை சரியாக இருக்கும் கம்பியில் இந்தக் குழி சிறிதாக இருக்க வேண்டும். வாங்கும் கம்பி வீசும். வாங்குவது குறைந்தால் வீசுவதும் குறையும். ஆகவே எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குழியின் ஆழம். எதைத் தொட்டால் அது குறைகிறதோ அங்கேதான் கோளாறு. எங்கள் வீட்டு ரேடியோவை ஓட்டாமலேயே, அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே தேடலாம். இந்த மொத்த வழக்கில் நான் ஒன்றைப் பற்றிப் பெருமைப்படலாம் என்றால் இதைப் பற்றித்தான்.

முதலில், டெலிபோன் வயர் வீட்டுக்குள் வந்து சேரும் ரோசெட் பெட்டியில் வீட்டு உள் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் டிராப் வயரை நேராக மோடத்துக்குக் கொடுத்தேன். குழி பாதியாக ஆழம் குறைந்தது. என் மீட்டரில் எஸ்-6 எஸ்-4 ஆனது. கோளாறில் பெரிய பங்கு வீட்டுக்குள்ளேயே.

உள்ளே என்ன? ஒரு காலத்தில் மாடி அறைக்கு இழுத்த பழைய எக்ஸ்டென்ஷன் வயர். மாடியில் போன் எடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. வெள்ளையடித்த ஆள் யாரோ இழுத்ததில், ரோசெட்டில் இரண்டு கம்பியில் ஒன்று கழன்று, ஒன்று மட்டும் ஸ்க்ரூவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது டெலிபோன் இணையின் ஒரு காலில் மட்டும் பன்னிரண்டு மீட்டர் வெற்றுக் கம்பி தொங்குகிறது. சமநிலையைக் கெடுக்க இதைவிடச் சிறப்பாகத் திட்டமிட்டும் செய்ய முடியாது. குரலுக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றியதுதான் இந்த வழக்கில் செலவில்லாத, பலன் அதிகமான வேலை.

மீதி வெளியே இருந்தது. கம்பத்துப் பெட்டி நிறுவனத்துடையது. அதில் நாம் கை வைக்கக் கூடாது. மறுபடி லைன்மேனைக் கூப்பிட்டேன். இந்த முறை “இரைச்சல் வருது” என்று சொல்லவில்லை. வரைபடத்தைக் காட்டி, “இந்தக் குழி திருச்சி ரேடியோ. வெளிய எங்கயோ ஒரு ஜாயிண்ட் கெட்டிருக்கு, பாருங்க” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. மோடத்தில் ரேடியோ ஸ்டேஷன் தெரியும் என்பது அவருக்குப் புதிது, பிடித்தும் போயிற்று. ஏறினார். டிபிக்கு இரண்டு அடி முன்னால் டிராப் வயரை என்றோ ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருந்தது. பிரித்தால் ஒரு கம்பியின் முறுக்கு பச்சையாகப் பூத்திருந்தது, மற்றது ஓரளவு பளபளப்பு. ஒரு காலில் மட்டும் தடை. வெட்டி, ஜெல் நிரப்பிய கனெக்டர் இரண்டு போட்டு அழுத்தினார். என் மீட்டரில் எஸ்-3. குழி கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது.

கடைசியாக மோடத்துக்குள் போகும் டெலிபோன் கார்டை, எஃப்டி240-31 என்ற 61 மில்லிமீட்டர் ஃபெரைட் வளையத்தில் 12 சுற்றுச் சுற்றினேன். இரண்டு கம்பியும் சேர்ந்தே வளையத்துக்குள் போவதால் எதிரெதிர்த் திசையில் ஓடும் ஏடிஎஸ்எல்லுக்கு அது கண்ணில் படாது. ஒரே திசையில் ஓடும் திருட்டு மின்னோட்டத்துக்கு மட்டும் ஆயிரக்கணக்கான ஓம் தடை. வளையம் வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் கொண்டுவந்தது. அது கிடைக்காதவர்கள் பழைய டிவியின் எல்ஓடி (லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்) கோரில் முயன்று பார்க்கலாம், ஓரளவு வேலை செய்யும். இதற்குப்பின் 1.84ல் அவர் மோடம் ஓடுகிறதா இல்லையா என்று என்னால் மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. காதை வைத்துக் கேட்டால் மட்டும் மெல்லிசாக ஒரு படலம்.

எதிர்த்திசை

இனி மூக்கடைத்தவன். 100 வாட்டில் நான் பேசும்போது அவர் வயரில் ஏறும் அலை, போனுக்குள் இருக்கும் டயோடு, டிரான்சிஸ்டர் சந்திகளில் பட்டுக் குரலாக மாறுகிறது. ஒற்றைப்பக்க அலை என்பதால் குரல் கோணலாகக் கேட்கும். மேலே சொன்ன ரிப்பேர்களுக்குப் பின் இது தானாகவே பாதி குறைந்துவிட்டது. மீதிக்குக் காரணம் நான்தான். பாலன் இல்லாத ஆன்டெனாவில் கேபிளின் வெளியுறையே அலை வீசும். அந்தக் கேபிள் அவர் வயருக்குப் பக்கத்தில் இறங்கியது. ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்ட வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். ஆன்டெனா நடுவில் கேபிளை ஒரு ஃபெரைட் வளையத்தில் சுற்றி சோக் போட்டேன். காலைக் கொஞ்சம் திருப்பி டிராப் வயருக்கு ஏறக்குறைய செங்குத்தாகக் கட்டினேன்.

போனில் அதற்குப் பின்னும் ஒரு முணுமுணுப்பு இருந்தது. குரலையும் பிராட்பேண்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரின் போன் பக்கத்தில் 1000 பிக்கோஃபாரட் டிஸ்க் கெப்பாசிட்டர் இரண்டு போட்டதும் அதுவும் ஓய்ந்தது. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. கெப்பாசிட்டரை ஸ்ப்ளிட்டருக்கு முன்னால், லைனில் போட்டுவிடாதீர்கள். பழைய புத்தகங்கள் சொல்லும் 0.01 மைக்ரோஃபாரட், 1 மெகா ஹெர்ட்ஸில் வெறும் 16 ஓம். போன் அமைதியாகும், பிராட்பேண்டும் அமைதியாகிவிடும்.

நான் அவருக்கு உரிமையோடு “உங்கள் போன்தான் மட்டமானது” என்று சொல்லியிருக்கலாம். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் மோடத்தைக் கழற்றி மாட்ட அவர் தன் கூடத்தைத் திறந்துவிட்டிருக்காவிட்டால் நான் இன்னும் எக்சேஞ்சுக்கு மனு எழுதிக்கொண்டிருப்பேன். உரிமத்தில் எழுதியிருப்பது ஒன்று, சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் செல்லுபடியாவது இன்னொன்று.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால்

எனக்கு ஏடிஎஸ்எல்லின் ஒழுகல் 160 மீட்டரோடு போயிற்று. பிரிட்டன் ஹாம்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே தெருப்பெட்டி வரை ஃபைபர், அதிலிருந்து வீட்டுக்குப் பழைய செப்புக் கம்பியில் ஏடிஎஸ்எல்லைவிட வேகமான விடிஎஸ்எல்2 என்று பரவலாகக் கொடுத்தார்கள். அதன் 17ஏ வகை 17.664 மெகா ஹெர்ட்ஸ் வரை போகும். 80, 40, 30, 20 மீட்டர் எல்லாம் அதற்குள். இறங்குதிசை, ஏறுதிசை என்று பகுதி பிரித்திருப்பதால் 5.2, 8.5, 12 மெகா ஹெர்ட்ஸ் எல்லைகளில் இரைச்சல் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். ரிசீவரை அந்த எல்லைகளின் குறுக்கே திருப்பிப் படி தெரிகிறதா என்று பார்ப்பது அங்குள்ள ரேடியோ சங்கம், ஆர்எஸ்ஜிபி, உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி. அங்கேயும் முதல் மருந்து இதேதான்: கெட்ட ஜாயிண்ட், வீட்டுக்குள் தேவையில்லாமல் கிளைவிடும் வயர். பிரிட்டிஷ் சாக்கெட்டில் மணிக்கென்றே மூன்றாவது கம்பி ஒன்று உண்டு. அது ஒரு கெப்பாசிட்டர் வழியாக ஒரு காலில் மட்டும் தொங்கும். என் அண்ணன் வீட்டு ஒற்றைக் கம்பியேதான், ஆனால் நாடு முழுக்க, தரப்படி! அதைக் கழற்றிவிடுங்கள் என்பது அங்கே பழைய அறிவுரை.

சில வருடம் கழித்து

எங்கள் தெருவுக்கும் பின்னாளில் ஃபைபர் வந்தது. கண்ணாடி இழையில் ரேடியோ அலை ஏறாது; காமன் மோட் பேச்சே இல்லை. டிராப் வயரை யாரும் அவிழ்க்கவில்லை, அது சும்மா தொங்குகிறது. நானும் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் 14 மெகா ஹெர்ட்ஸில் பழைய நண்பன் மாதிரி ஒரு கரகரப்பு, மேடு தட்டி, நகர்ந்துகொண்டு.

அண்ணன் வீட்டில் போய்ப் பார்த்தேன். ஃபைபர் பெட்டிக்கு வந்த அடாப்டர், தூக்கினால் எடையே இல்லை. பெட்டியின் டெலிபோன் துளையிலிருந்து அதே பழைய உள் வயருக்கு இணைப்புக் கொடுத்திருந்தார்கள், கூடத்துப் போன் ஓட வேண்டுமே. வெளிக் கம்பி போனாலும் உள்ளே ஆன்டெனா இருந்தது.

மறுநாள் காலை அண்ணன் மாடியிலிருந்து கூப்பிட்டார்.

“தம்பி, அந்தத் தகர டப்பா பரண்ல கெடந்துச்சு. 12 வோல்ட்டுன்னு நீங்க எழுதி ஒட்டியிருந்தீங்க, இதுலயும் 12ன்னுதான் போட்டிருந்துச்சு. மாட்டிட்டேன். இப்ப கேட்டுப் பாருங்க.”